சட்டத்தில் ஒரு வரி கேட்கிறேன்

மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சிவகாசியில் ஒரு மாடி அறையில் இரண்டு கம்ப்யூட்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, 20 வருடத்துக்கு மேலாக வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் என்னை ஆடிட்டர் என்பார்கள். நான் ஆடிட்டர் இல்லை, சி.ஏ. படிப்பில் பாதியில் நின்றவன். அச்சக ஊழியர்கள், தீப்பெட்டி ஆலை மேலாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், பட்டாசு ஏஜென்ட்டுகள் என்று வருடத்துக்கு நானூறு பேருக்குக் குறையாமல் என் மேசைக்கு வருவார்கள். ஜூன், ஜூலையில் வருகிறவர்கள் கையில் இரண்டு கவர் இருக்கும். ஒன்றில் ஃபார்ம் 16. இன்னொன்றில் பிள்ளையின் கல்லூரி ரசீது. இந்த மடல் அந்த இரண்டாவது கவரைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1961ஆம் வருடச் சட்டம் போய், 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. ஆனாலும் இதில் பழைய எண்களையே சொல்லப்போகிறேன். இப்போது நாங்கள் தாக்கல் செய்கிற 2025-26 நிதியாண்டுக் கணக்குக்கு அவைதான் பொருந்தும். தவிர, சேமிப்புக்கான கழிவு என்றால் எங்கள் வாய்க்கு இன்னும் பத்து வருடத்துக்கு 80சி என்றுதான் வரும்.

போன மாதம் ஒருவர் வந்தார். ஆஃப்செட் அச்சகத்தில் மேற்பார்வையாளர். பத்தாவது முடித்ததும் தாள் அடுக்க வந்து, மெஷின் பிடித்து, இப்போது மொத்த மெஷின் ரூமும் அவர் பொறுப்பு. வருடச் சம்பளம் 9 லட்சம். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். "அண்ணாச்சி, போன வருசம் முப்பதாயிரத்துக்கு மேல பிடிச்சாங்க. இந்த வருசம் சம்பளத்துல ஒரு பைசா பிடிக்கல. பன்னெண்டு லட்சம் வரைக்கும் வரி கிடையாதாமே?"

ஆமாம், கிடையாது. புதிய வரி முறையில் (இது புதுச் சட்டம் அல்ல; கழிவுகளையும் விகிதத்தையும் குறைத்த கணக்கு முறை) 9 லட்சத்தில் நிலையான கழிவு 75,000 போனால் 8,25,000. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவரை, அதற்கான வரியை 87ஏ பிரிவுத் தள்ளுபடி பார்த்துக்கொள்ளும். அவர் சிரித்ததில் தப்பே இல்லை.

அப்புறம் அடுத்த கவரைப் பிரித்தேன். உள்ளே ஒரு மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட். 2012இல் மகன் யுகேஜி சேர்ந்தபோது, மகன் பெயரில், காப்பாளராகத் தான் கையெழுத்துப் போட்டு, மாதம் 4,000 ரூபாய் எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் ஃபண்டில் போடும் முதலீடு, ஆரம்பித்திருக்கிறார். பதின்மூன்று வருடம், ஒரு மாதம் தவறவில்லை. கொரோனாக் காலத்தில் அச்சகம் மூடிக் கிடந்தபோதுகூட மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன் என்றார். 2025 ஜூலையில் பையனுக்குப் பொறியியல் இடம் உறுதியானதும் முழுவதையும் எடுத்துவிட்டார். முதல் வருடக் கட்டணமும் ஹாஸ்டலும் கட்டி, மிச்சத்தை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டிருக்கிறார். "நாலு வருசப் படிப்புக் காசு. சந்தை எப்ப விழும்னு யார் கண்டா? எடுத்து வச்சுட்டா நிம்மதி" என்றார்.

2018 ஜனவரி 31 வரை வாங்கிய யூனிட்டுகளுக்கு உள்ள சலுகையைக் கழித்த பிறகு, நீண்டகால மூலதன ஆதாயமாக நின்றது 6 லட்சம். அதில் 1,25,000 வரை வரி இல்லை. மீதி 4,75,000க்கு 12.5 சதவீதம் என்றால் 59,375. மகன் பெயரில் இருந்தாலும் எடுத்த அன்று அவனுக்கு வயது 17. மைனரின் வருமானம் என்பதால் அது தகப்பன் கணக்கில் ஏறும்.

அதோடு முடிந்திருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். அந்த 6 லட்சம் ஏறியதும் அவருடைய மொத்த வருமானம் 14,25,000 ஆகிவிட்டது. 12 லட்சத்தைத் தாண்டியதால் சம்பளத்துக்குக் கிடைத்திருந்த தள்ளுபடியும் போயிற்று. 8,25,000க்கான வரி 22,500 திரும்ப வந்து உட்கார்ந்தது. இரண்டையும் கூட்டி, 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் 85,150 ரூபாய். முன்வரி கட்டாததற்கான வட்டி தனி.

கால்குலேட்டரைத் திருப்பி அவர் பக்கம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு கேட்ட கேள்வியைத்தான் உங்களுக்கு அனுப்புகிறேன்: "இது என்ன லாபம் அண்ணாச்சி? இது காலேஜ் ஃபீஸ்ல்ல?"

நீங்கள் ஒன்று சொல்லலாம், நானே சொல்லிவிடுகிறேன். மொத்தமாக எடுத்தது அவர் தப்பு. வருடத்துக்குக் கால்வாசி என்று நாலு வருடத்தில் எடுத்திருந்தால், லாபம் அப்படியே நின்று, நாலு வருடமும் தகப்பன் கணக்கிலேயே ஏறியிருந்தால்கூட, வருடம் ஒன்றரை லட்ச ஆதாயம்தான் வந்திருக்கும். அதில் 1,25,000 போக 25,000க்குத்தான் வரி. செஸ்ஸோடு வருடம் 3,250. நாலு வருடத்துக்கும் சேர்த்து 13,000. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாது, சம்பளத்தின் தள்ளுபடியும் தப்பித்திருக்கும்.

இன்னொரு வழியும் இருந்தது. பையனுக்கு அக்டோபரில் 18 முடிகிறது. மூன்று மாதம் எங்காவது கைமாற்று வாங்கிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, அவன் மேஜரானதும் அவன் பான் கார்டில் எடுத்திருந்தால் அது அவன் வருமானம். வேறு வருமானம் இல்லாத பையனுக்கு 4 லட்சம் வரை அடிப்படை விலக்கு இருக்கிறது. அதையும் ஒன்றேகால் லட்சத்தையும் கழித்தால் வரி பத்தாயிரத்துக்குள் முடிந்திருக்கும். எங்கள் ஊரில் ரெண்டு வட்டிக்கு 2 லட்சம் வாங்கினால் மூன்று மாதத்துக்கு 12,000 ரூபாய் ஆகும். வட்டிக்காரனுக்கு அழுத 12,000ஐயும் சேர்த்தாலும் உங்களுக்குக் கட்டப்போகிற தொகையில் கால்வாசிதான் வருகிறது. இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

ஆக, என்னைப் போன்ற ஒருவனிடம் ஒரு வருடம் முன்பே வந்திருந்தால் அதிகம் போனால் 13,000. வராததால் 85,150. ஒரே பணம், ஒரே பையன், ஒரே கல்லூரி. அறிவுரை கேட்க ஆள் இருப்பவனுக்கு ஒரு வரி, இல்லாதவனுக்கு ஒரு வரி என்பது எனக்குத் தொழில் தரலாம், நியாயம் இல்லை.

சட்டம் கல்விப் பணத்தை எப்படிப் பார்க்கிறது என்று அன்றிரவு உட்கார்ந்து யோசித்தேன். பிள்ளையைப் படிக்க வைக்கக் காசு மூன்று வழியில்தான் வரும். யாராவது கொடுக்க வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும், அல்லது நாமே சேர்க்க வேண்டும். மூன்றுக்கும் உங்கள் சட்டத்தில் மூன்று முகம்.

கொடுக்கிற பணத்தின் மேல் சட்டத்துக்குப் பெரிய மனது. 10(16) பிரிவு ஆங்கிலத்தில் எட்டே சொற்கள். கல்விச் செலவுக்காகக் கொடுக்கப்படும் உதவித்தொகைக்கு வரி இல்லை, அவ்வளவுதான். உச்சவரம்பு கிடையாது, கொடுப்பவர் அரசா அறக்கட்டளையா என்ற கேள்வி கிடையாது. புதிய வரி முறைக்குப் போனாலும் இந்த விலக்கு கூடவே வருகிறது. அமெரிக்காவில் டியூஷனுக்கும் புத்தகத்துக்கும் போன உதவித்தொகைக்குத்தான் விலக்கு. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆன பகுதிக்கு வரி உண்டு. நம்மிடம் அந்தக் கஞ்சத்தனம் இல்லை. இதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன், மனதாரத்தான் சொல்கிறேன். புதுமைப் பெண் திட்டத்தில் மகளுக்கு வரும் மாதம் 1,000 ரூபாயைக் கணக்கில் காட்ட வேண்டுமா என்று பயந்துகொண்டு வருகிற அம்மாக்களிடம் "ஒன்றும் வேண்டாம், போய்ட்டு வாங்க" என்று சொல்ல முடிகிறதே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இதிலும் ஒரு முள் உண்டு. உதவித்தொகை எது, சம்பளம் எது என்று அந்த எட்டுச் சொற்களில் இல்லை. எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். மாதம் 37,000 ரூபாய் ஃபெலோஷிப். அவளுடைய நிறுவனத்தின் கணக்குப் பிரிவு அதைத் தொழில்முறைக் கட்டணம் என்று எழுதி, 10 சதவீதம் பிடித்துக்கொண்டது. வருடத்துக்கு 44,400 ரூபாய். நான் ரிட்டர்ன் போட்டு, விலக்கு கேட்டு, பணத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்தேன். வந்தது, வட்டியோடு வந்தது. ஆனால் அதுவரை அவள் விடுதிக் கட்டணத்தைத் தம்பியிடம் வாங்கிக் கட்டினாள். அடுத்த வருடமும் பிடித்தார்கள். கேட்டால் "எங்களுக்குத் தெளிவான உத்தரவு இல்லை, எதற்கு வம்பு என்று பிடித்துவிடுகிறோம்" என்கிறார்கள். மருத்துவ மேற்படிப்பு மாணவர்களின் ஸ்டைபண்டிலும் இதே இழுபறி; தீர்ப்பாயங்கள் வரை போயிருக்கிறது. இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம். நீங்கள் ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும்: பதிவு செய்த மாணவருக்குப் படிப்புக்காகத் தரும் ஃபெலோஷிப்பில் பிடித்தம் செய்யாதீர்கள் என்று. ஒரு பக்கம், ஒரு கையெழுத்து.

அடுத்தது கடன். பழைய முறையில் இருப்பவருக்கு 80இ பிரிவில் கல்விக் கடன் வட்டி முழுவதும் கழிவு. எட்டு வருடம் வரை, உச்சவரம்பு இல்லை. நல்ல பிரிவுதான். ஆனால் வங்கியிலோ அதுபோன்ற அங்கீகரிக்கப்பட்ட இடத்திலோ வாங்கியிருக்க வேண்டும். மாமனாரிடம் வாங்கினால் கிடையாது. புதிய முறைக்குப் போனால் வங்கிக் கடனுக்கும் கிடையாது. 2020இல் விருப்பத் தேர்வாக வந்த புதிய முறை, 2023-24 முதல் இயல்பு முறை ஆகிவிட்டது. கேட்காமலே எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள். கல்விக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் 12 லட்சத்துக்குக் கீழே சம்பாதிப்பவர்கள். அவர்களுக்கு இது பொருட்டே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால் கடனை இத்தோடு விடுகிறேன்.

மூன்றாவது வழிக்கு வருவோம். சேர்த்து வைத்துப் படிக்க வைப்பவன். எங்கள் ஊரில் இவர்கள்தான் அதிகம். கடன் என்றால் பயம், இனாம் என்றால் கூச்சம். சீட்டு, தங்கம், தபால் நிலைய ஆர்டி, இப்போது எஸ்ஐபி.

பெண் குழந்தை என்றால் செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2015இல் வந்தது. பத்து வயதுக்குள் கணக்கு தொடங்க வேண்டும், வருடம் 250 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை போடலாம், வட்டிக்கு வரி இல்லை, எடுக்கும்போதும் வரி இல்லை. மேற்படிப்புக்கு இருப்பில் பாதி வரை எடுக்கலாம், அதுவும் பத்தாவது தேறிவிட்டால் 18 வயது வரை காத்திருக்கக்கூட வேண்டாம். இதை எழுதியவர் யாரோ, அவர் வீட்டில் நிச்சயம் ஒரு பெண் குழந்தை கல்லூரிக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். படிப்புக் கட்டணம் ஜூலையில் கட்ட வேண்டும், பதினெட்டு வயது அதற்கப்புறம்தான் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பையன் என்றால்? தமிழ்நாட்டுத் தபால் துறை அதே 2015இல் பொன்மகன் என்று ஒரு பெயர் வைத்தது. பெயர்தான் புதிது, உள்ளே பார்த்தால் பழைய பிபிஎஃப், பொது சேமநல நிதி. 15 வருடப் பூட்டு. வட்டிக்கு வரி இல்லை, அந்த மட்டில் நல்லது. ஆனால் பையன் யுகேஜி சேரும்போது ஆரம்பித்தால் முதிர்வது அவன் கல்லூரியில் பாதி தாண்டிய பிறகு. நடுவில் எடுக்க வழி இருக்கிறது, அதற்கும் வரம்பு இருக்கிறது.

இந்த இரண்டும் இல்லாமல், தகப்பன் பிள்ளை பெயரில் வங்கியில் வைப்பு நிதி போட்டால் வட்டி முழுவதும் தகப்பன் வருமானத்தில் ஏறும். அதிலிருந்து பிள்ளை ஒன்றுக்கு வருடம் 1,500 ரூபாய் விலக்கு என்று 10(32) சொல்கிறது. ஆயிரத்து ஐந்நூறு! 7 சதவீத வட்டியில் கணக்குப் போட்டால், இருபத்தோராயிரத்துச் சொச்சம் வைப்பு நிதிக்கு மேல் போட்டால் விலக்கு தீர்ந்துபோகும். 1990களின் தொடக்கத்தில் வைத்த தொகை. அப்போது அது காசு. புதிய முறையில் அந்த 1,500கூட இல்லை. இதன் கூடப்பிறந்த சகோதரன் ஒருவன் உண்டு: சம்பளத்தில் வரும் பிள்ளையின் கல்விப்படிக்கு விலக்கு மாதம் 100 ரூபாய், ஹாஸ்டல் படிக்கு 300 ரூபாய். 2025-26 கணக்கு வரை பழைய முறையில் அதே 100, அதே 300. ஹாஸ்டலில் ஒரு மாத மெஸ் கட்டணம் எவ்வளவு என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மைனர் வருமானத்தைப் பெற்றோர் கணக்கில் சேர்ப்பது ஏன் என்று எனக்குத் தெரியும். முதலாளிகள் தங்கள் சொத்தைக் கைக்குழந்தை பெயருக்கு மாற்றி வரியைத் தப்பித்த காலம் ஒன்று இருந்தது. அதற்குப் போட்ட வலை. அந்த வலையில் இப்போது மாட்டுவது அச்சகத்து மேற்பார்வையாளர். முதலாளிக்கு இருக்கிற ஆடிட்டர் அந்த வலையை எப்போதோ சுற்றிப் போய்விட்டார்.

80சி பற்றிச் சொல்லாவிட்டால் என் வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். பழைய முறையில் இரண்டு பிள்ளைகளின் டியூஷன் கட்டணத்துக்கு அதில் இடம் உண்டு. இடம் என்றால் எப்படிப்பட்ட இடம்? 1,50,000 ரூபாய்ப் பை ஒன்று. அதற்குள் பிஎஃப், எல்ஐசி, வீட்டுக் கடன் அசல், பிபிஎஃப், செல்வமகள், எல்லாமே. பிஎஃப் ஒன்றே பையை நிரப்பிவிடும். கட்டணம் வெளியே நிற்கும். 2014இல் ஒரு லட்சத்தை ஒன்றரை லட்சம் ஆக்கினார்கள். அதன்பின் பை பெரிதாகவில்லை.

போன ஆண்டு பார்த்த ஒரு ரசீது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ரோஸ் தாள். மொத்தம் 1,38,500. டியூஷன் 50,000. டெவலப்மென்ட் 25,000. லேப், லைப்ரரி 12,000. பிளேஸ்மென்ட் டிரெய்னிங் 15,000. பஸ் 28,500. இதர 8,000. கழிவுக்குத் தயக்கமில்லாமல் எடுத்துக்கொள்ள முடிந்தது அந்த 50,000 மட்டும். "இதர என்றால் என்ன?" என்று பையனின் அப்பாவிடம் கேட்டேன். "அதத்தான் அண்ணாச்சி நானும் கேட்டேன். கேட்டா டிசி குடுத்துருவோம்ங்கிற மாதிரி பாத்தாங்க" என்றார். எத்தனையோ கல்லூரிகளின் ரசீதுப் புத்தகம் எங்கள் ஊரில்தான் அச்சாகிறது. அந்தத் தலைப்புகளை யார் யோசித்து வைக்கிறார்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரிவதில்லை. இன்னொரு வேடிக்கை: பிள்ளையின் கட்டணத்துக்குத்தான் அந்தப் பையில் இடம். சொந்தமாகப் படித்தால் இல்லை. மாலையில் எம்.எட். படித்த ஆசிரியை ஒருவர் கையிலிருந்து கட்டணம் கட்டினார்; கழிவு பூஜ்யம். கடன் வாங்கிக் கட்டியிருந்தால் வட்டிக்குக் கழிவு கிடைத்திருக்கும். சேர்த்து வைத்திருந்ததுதான் அவர் செய்த குற்றம்.

சரி, அதுவும் பழைய கதை. 80சியைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நம்பினால் நம்புங்கள், புதிய முறை எனக்குப் பிடித்திருக்கிறது. மார்ச் 28ஆம் தேதி ஓடி வந்து "அண்ணாச்சி, எதுலயாவது அம்பதாயிரம் போடணும், எதுல போட?" என்று கேட்டு, வேண்டாத காப்பீட்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். கழிவுகள் குறைந்தால் வரி விகிதம் குறையும் என்கிறீர்கள், குறைத்துமிருக்கிறீர்கள். மறுக்கவில்லை.

ஆனால் புதிய முறையிலும் சில கதவுகளைத் திறந்துதான் வைத்திருக்கிறீர்கள். அதில் ஒன்றைப் பாருங்கள். 54எஃப் பிரிவு. ஒருவர் பங்கையோ மியூச்சுவல் ஃபண்டையோ விற்று, வந்த பணம் முழுவதையும் போட்டு வீடு வாங்கினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்த ஆதாயத்துக்கு வரியே இல்லை. புதிய முறையிலும் இல்லை. அதாவது என் மேற்பார்வையாளர் அதே ஜூலையில் அதே யூனிட்டுகளை விற்று, திருத்தங்கலில் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தால், 6 லட்சம் அவர் வருமானத்தில் ஏறியே இருக்காது. 12 லட்சத்தைத் தாண்டியிருக்க மாட்டார். தள்ளுபடி போயிருக்காது. அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். செங்கல்லுக்கு உண்டு, செமஸ்டருக்கு இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் 529 என்று ஒரு கணக்கைப் பற்றிச் சொல்வார்கள். அவர்கள் வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணே அந்தக் கணக்குக்குப் பெயராகிவிட்டது. குழந்தை பிறந்ததும் ஆரம்பிக்கிறார்கள். படிப்புக்கு எடுத்தால் வளர்ந்த லாபத்துக்கு மத்திய வரி இல்லை. வேறு எதற்காவது எடுத்தால் லாபத்துக்கு வரியோடு 10 சதவீத அபராதம். அதை அப்படியே இங்கே நடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வசதியானவர்கள்தான் அதில் அதிகம் போட்டு அதிகம் தப்பிப்பார்கள் என்ற புகார் அங்கேயே உண்டு.

நான் கேட்பது அதைவிடச் சின்னது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஒன்றுதான். சம்பள பாக்கி நாலு வருடத்துக்குச் சேர்த்து ஒரே வருடத்தில் வந்தால், அந்தந்த வருடத்துக்கே வந்ததாகப் பிரித்துக் கணக்குப் போட்டு, கூடுதல் வரியை 89ஆம் பிரிவில் கழித்துக் கொடுக்கிறீர்கள். 10இ படிவம் ஒன்று நிரப்பினால் போதும். ஊதியக் குழு பாக்கி வந்த வருடங்களில் ஆசிரியர்களுக்கு நூற்றுக்கணக்கில் நான் நிரப்பியிருக்கிறேன். பல வருடத்துப் பணம் ஒரே வருடத்தில் விழுந்தால் அந்த ஒரு வருட வரியைச் சுமத்துவது நியாயமில்லை என்று அந்தப் பிரிவு ஒப்புக்கொள்கிறது. அந்த நியாயத்தைக் கல்லூரிக்குச் சேர்த்த பணத்துக்கும் கொடுங்கள். பிள்ளையின் மேற்படிப்பு தொடங்கும் வருடத்தில் சேமிப்பை எடுத்தால், வந்த ஆதாயத்தைப் படிப்பு எத்தனை வருடமோ அத்தனை வருடத்துக்குப் பிரித்துக் காட்ட அனுமதியுங்கள். மூன்று வருட பி.எஸ்சி. என்றால் மூன்று, பொறியியல் என்றால் நாலு. கல்லூரியின் போனஃபைடு சான்றிதழும் கட்டண ரசீதும் கேளுங்கள். கல்லூரிச் செலவை மிஞ்சிய தொகைக்கு இந்த வழி கிடையாது என்று சொல்லுங்கள். படிப்பை நடுவில் விட்டால் மிச்சத்தை அந்த வருடமே கணக்கில் கொண்டுவரச் சொல்லுங்கள். இது விலக்கு இல்லை. நாலு வருடமாக எடுக்கத் தெரிந்தவன் இன்று கட்டுகிற அதே வரியை, தெரியாதவனும் கட்ட வழி. என் மேற்பார்வையாளர் 13,000 கட்டுவார். முகம் சுளிக்காமல் கட்டுவார்.

கூடவே இன்னொன்று. பிள்ளை பெயரில் சேர்த்து, பன்னிரண்டாவது முடித்த வருடத்தில் கல்லூரிக்காக எடுக்கிற பணத்துக்காவது மைனர் வருமானச் சேர்க்கையிலிருந்து விடுப்பு கொடுங்கள். ஜூலையில் எடுத்தால் அப்பன் வருமானம், அக்டோபரில் எடுத்தால் மகன் வருமானம் என்பதைச் சட்டம் படித்தவர்கள் விளக்கிவிடலாம். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் என்னால் விளக்க முடியவில்லை. கலந்தாய்வு அவன் பிறந்தநாளுக்காகக் காத்திருக்காதே.

சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்பது தெரியும். ஆனால் வரைவு எழுதும் பேனா உங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறது. பட்ஜெட்டுக்கு முன் தொழிலதிபர் சங்கங்களையும் சி.ஏ. அமைப்புகளையும் அழைத்துக் கருத்து கேட்கிறீர்கள். சிவகாசி மாடி அறைகளை யாரும் அழைப்பதில்லை, அதனால் இந்த மடல்.

அந்த மேற்பார்வையாளர் வரியைக் கட்டிவிட்டார். வைப்பு நிதியில் ஒன்றை உடைத்துத்தான் கட்டினார், பையனின் மூன்றாம் வருடத்துக்கு என்று வைத்திருந்தது. சலான் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கிளம்பும்போது மகளைப் பற்றிக் கேட்டார். பத்தாவது படிக்கிறாள். செல்வமகள் கணக்கு இருக்கிறது, அதில் பாதிதான் எடுக்க முடியும். மீதிக்கு அவள் பெயரிலும் ஒரு எஸ்ஐபி ஓடிக்கொண்டிருக்கிறது. "அத நிறுத்திரவா அண்ணாச்சி?"

வேண்டாம், இன்னும் காலம் இருக்கிறது என்றேன். அவர் போன பிறகு அவள் பிறந்த தேதியை எடுத்துப் பார்த்தேன். 2029 நவம்பரில் பதினெட்டு முடிகிறது. கல்லூரிக் கட்டணம் அதற்கு நாலு மாதம் முன்பே கட்ட வேண்டும்.

இப்படிக்கு,
சிவகாசியிலிருந்து ஒரு வரிக் கணக்கு எழுதுபவன்